தூணடியில் ஒரு பாய்

பசிபிக் கடல் நடுவே, கில்பர்ட் தீவுகளின் தாராவாவில், பெத்தியோ துறையிலிருந்து கப்பல் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. 1975ஆம் வருஷம் முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. கிறிஸ்துமஸ் பாட்டுகளின் கரகரப்பு யார் தொண்டையிலும் ஆறவில்லை. ஆனால் அன்று துறையில் பாட்டுச் சத்தம் இல்லை. பன்றிகள் கத்தின. தையல் மிஷின்கள், சுருட்டிய பாய்கள், பிடுங்கி அடுக்கிய கூரைத் தகடுகள், ஒரு பள்ளிக்கூட மணி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. பிரிந்து போகும் எல்லிஸ் தீவுக்காரர்களின் பங்குக்கு வந்தது அந்த ஒரே கப்பல்தான். அதனால் ஆளாளுக்குத் தன் வீட்டையே அதில் ஏற்றிவிடப் பார்த்தார்கள்.

அலியேத்தா மேல்தட்டில் மகள் தெபோராவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கணவன் பரானிகோ ஏணிப்படியில் பாதி வரை ஏறி வந்து ஒரு புட்டியை நீட்டினான். தென்னம்பதநீரைக் காய்ச்சிய பாகு.

"குலுக்காம வெச்சுக்கோ. இவ கையில குடுத்துடாத, பாதி வழியிலயே காலி பண்ணிடுவா."

"அப்பா, நீ ஏறல?" என்றாள் தெபோரா.

"நான் ஏறினா கப்பல் முங்கிடும்டி. நாலு பன்னியை இறக்கினாத்தான் எனக்கு இடம்."

"அப்ப இறக்கு."

பரானிகோ சிரித்தான். அலியேத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அண்ணன் வரட்டும்" என்றான் அவன்.

அண்ணன் கைத்தூ ஏதோ ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை வேறொரு துறைமுகத்திலிருந்து சேதி வரும். கில்பர்ட் ஊர்களில் ஊர் மன்றத்தின் கூரைக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. அப்பா உட்கார்ந்த இடத்தில் மூத்த மகன் உட்காருவான், அவன் இல்லாதபோது தம்பி. இடம் காலியாகக் கிடந்தால் அந்தக் குடும்பமே காலி என்று அர்த்தம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் கடலில். பரானிகோவும் எழுந்து போய்விட்டால் அந்த இடத்தில் காற்றுதான் உட்காரும்.

அது பாதிக் காரணம். மீதிக் காரணம் பழசு, அதை அவன் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னான். கல்யாணம் முடிந்த புதிதில் அலியேத்தாவின் ஊரான மோத்தாலோவுக்கு இரண்டு பேரும் போயிருந்தார்கள். ஊர் மன்றத்தில் விருந்து. ஒவ்வொரு தூணடியிலும் ஒரு குடும்பத் தலைவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தூண் இல்லை. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நல்ல மீன் வைத்தார்கள். ஆனால் அவன் உட்கார்ந்தது ஓரத்தில், பரிமாறும் பெண்கள் போய்வரும் வழியில். தூணடி இல்லாதவனுக்குப் பேச்சும் இல்லை.

"உங்க ஊருக்கு வந்தா நான் எங்க உட்காரணும்? கோழிங்களோடயா?" என்று அப்போது கேட்டான். 

கப்பல் ஊதியது. அவன் இறங்கிப் போய், கரையில் மற்ற எல்லோரையும் போலக் கையை ஆட்டாமல், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். படகு கட்டும்போது பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் நிற்பான்.

அவளைப் போகச் சொன்னவன் அவன்தான். அதைச் சொல்லாவிட்டால் கதை கோணலாகிவிடும்.

அலியேத்தா தாராவா வானொலியில் எல்லிஸ் மொழியில் சேதி வாசிப்பவள். சாயங்காலச் செய்தி முடிந்ததும் ஜனங்களின் சேதிகள். இன்னாருக்கு இன்னார் சொல்வது: அம்மா இறந்துவிட்டார், அடக்கம் நாளை. பையன் பிறந்திருக்கிறான், பெயர் அனுப்பவும். கப்பலில் பெருஞ்சேம்பு அனுப்பியிருக்கிறேன், பூச்சி விழுவதற்குள் எடுத்துக்கொள்ளவும். தெற்கே உள்ள எல்லாத் தீவுகளிலும் பாட்டரி வானொலியைச் சுற்றி ஜனம் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்கும். முகம் தெரியாதவர்களும் அவள் சொன்ன பிறகுதான் அழுதார்கள்.

கப்பல் ஏறியதற்கு முந்தின வருஷம்தான் பிரிவினைப் பேச்சு சூடேறியது. பிரிட்டிஷ்காரன் தன் வசதிக்காக இரண்டு ஜனத்தை ஒரே காலனியில் போட்டு வைத்திருந்தான். வடக்கே கில்பர்ட்காரர்கள், எண்ணிக்கையில் பெரும் கூட்டம். தெற்கே எல்லிஸ்காரர்கள், ஒரு கைப்பிடி. இனி தன்னாட்சி, அப்புறம் சுதந்திரம் என்று பேச்சு வந்ததும், "இவங்களோட சேர்ந்து விடுதலை வாங்கினா நம்ம பேச்சை யாரு கேப்பா?" என்று தெற்கே பயம் வந்தது. வடக்கே, "சர்க்கார் வேலையெல்லாம் தூக்கிக் குடுத்ததுக்கு இதுவா நன்றி?" என்று கோபம் வந்தது. தாராவாவில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்த பெண்கள் நேரம் பிரித்துக்கொண்டார்கள். கடைசியில் தெற்குத் தீவு ஜனங்களே வாக்குப் போட்டு முடிவு செய்யட்டும், ஐ.நா. சபையிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கட்டும் என்று ஆயிற்று. பிரிந்தால் ஒரு கப்பல் கிடைக்கும். வடக்கே தோண்டி எடுக்கிற பாஸ்பேட்டின் வருமானத்தில் சல்லிக்காசு கிடையாது. இதை ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குப் புரியும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டும். "அந்த ரேடியோப் பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பரானிகோ மீன் முள்ளைப் பிரித்து மகளுக்கு ஊட்டிக்கொண்டே சொன்னான். "போயிட்டு வா."

"ஜனங்க பிரியணும்னு சொல்லிட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும். உன் வேலை அங்க போயிடும். என் வீடு இங்க. நடுவுல கடல்."

"அப்புறமும் போன்னு சொல்ற."

"நீ போகலன்னா வேற எவனாவது போவான். அவன் பாதியை முழுங்கிட்டுச் சொல்லுவான். நீ உள்ளதை உள்ளபடி சொல்லுவ." கையை நக்கிவிட்டு எழுந்தான். "ஒண்ணு மட்டும் சொல்றேன் கேளு. எனக்காக நீ ஏதாவது கோணலாப் பேசி, அதனால இந்த வீடு நின்னுச்சுன்னு வெச்சுக்கோ, அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராது."

அந்தச் சொல்லைத்தான் அவள் துணைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

தீவுகளில் கேள்விகள் கடல் நுரைபோல வந்தன. தனியாகப் போனால் பட்டினி கிடப்போமா? பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவாரா? கில்பர்ட்காரியைக் கட்டினவன் அவளை அனுப்பிவிட வேண்டுமா? அலியேத்தா தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். "தெரியாதுங்கிறதைச் சொல்லவா கப்பல் ஏறி வந்த?" என்று ஒரு கிழவர் கேட்டபோது, "தெரியும்னு பொய் சொல்ல நிறைய பேர் இருக்காங்க தாத்தா, அதான்" என்றாள். அவர் தன் இளநீரை அவளிடம் தள்ளினார்.

பிறகு மோத்தாலோ. பிறந்த ஊர். 

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ஊர் முழுக்க மன்றத்தில் கூடியது. மோத்தாலோவில் ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் ஒத்த கருத்து வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். ஒருவர் முரண்டு பிடித்தால் அவரை மடக்க மாட்டார்கள், காத்திருப்பார்கள். நடுவே சாப்பாடு வரும், பாட்டு வரும், மறுபடி பேச்சு. அலியேத்தா இரண்டு பக்கத்தையும் சொல்லி முடித்ததும் அவளுக்குப் பெரியப்பா முறையான வகூனா கேட்டார். ஊர்ப் பேச்சை முடித்துச் சொல்கிற உரிமை அவருடையது.

"எல்லாம் சரிம்மா. எங்க சாவையும் பொறப்பையும் உன் வாயாலதான் கேட்டோம். நீயே சொல்லு, எது நல்லது?"

 அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"நான் சொல்லக் கூடாது பெரியப்பா."

பெண்கள் பக்கமிருந்து லோசா என்கிற பெரியம்மா மகள் குரல் கொடுத்தாள். "எப்படிச் சொல்லுவா? புருஷன் வடக்கத்தியான். பிரியணும்னு சொன்னா சோறு கிடைக்காது, சேரணும்னு சொன்னா நாம மீன் குடுக்க மாட்டோம். புத்திசாலி, வாயை மூடிக்கிட்டா!"

சிரிப்பு எழுந்தது. அலியேத்தாவும் சிரித்துவைத்தாள். "அக்கா, உன் மீனும் வேணும், அவர் சோறும் வேணும். அதனாலதான் மூடிக்கிட்டேன்."

பொழுது சாயும்போது ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பிரிவது. வகூனா அதை எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் ஒரே குரலில் ஆமென்றார்கள். மரப்பெட்டியைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அலியேத்தா அந்தப் பாட்டுக்குக் கைதட்டினாள். கை வேறு யாருடையதோ போல இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் வாக்குப்பெட்டி தயாராக இருந்தது. இளம் பிரிட்டிஷ் துரை ஒருவர், ஐ.நா.விலிருந்து வந்த தொப்பிக்காரர் இரண்டு பேர், அலியேத்தா. பாயால் மறைப்புக் கட்டி, பென்சிலைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். சூரியன் தென்னை உச்சிக்கு ஏறியது. ஒரு குஞ்சும் வரவில்லை. கரையில் யாரோ வலை உலர்த்தினார்கள். யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் வகூனா வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கஞ்சி போட்ட இடுப்புத் துணி, காதோரம் பூ. தனியாக.

"எங்கம்மா அந்தப் பெட்டி?"

"பெரியப்பா, மத்தவங்க எங்க?"

"மத்தவங்களா? எதுக்கு? நேத்துதான் பேசி முடிச்சாச்சே. ஊர் சார்பா நான் வந்திருக்கேன். சீட்டைக் குடு, போட்டுட்டுப் போறேன். மீன் வந்திருக்கு, வேலை கிடக்கு."

துரை ஆங்கிலத்தில் அவள் காதருகே கேட்டார்: என்ன சொல்கிறார்? ஜனங்களுக்கு வாக்களிக்க விருப்பமில்லையா?

அப்போதுதான் அலியேத்தாவுக்கு உறைத்தது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். பெட்டியில் ஒற்றைச் சீட்டு விழும். மோத்தாலோ வாக்குப் போட வரவில்லை என்று கப்பல் அடுத்த தீவுகளுக்குச் சேதி கொண்டு போகும். மோத்தாலோவைப் பார்த்து நடக்கிற தீவுகள் அவை. அங்கேயும் கை தயங்கும். யாருக்குத் தெரியும், காரியமே ஆறிப்போய், தாராவாவில் படகுச் சிராய் மணக்கிற அந்த வீடு அப்படியே நிற்கலாம். நேற்று முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தவள்தானே, இன்றும் இருந்தால் யார் குறை சொல்வார்கள்?

பரானிகோ கையை நக்கிவிட்டு எழுந்தது நினைவுக்கு வந்தது.

"பெரியப்பா, உட்காருங்க" என்றாள். "சூரை மீன் கூட்டம் வந்து ஊரே சேர்ந்து பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"இது என்ன கேள்வி? பங்கு வைப்போம்."

"ஊர் சார்பா நீங்களே எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடுவீங்களா?"

"என் வயித்தைப் பாத்தா அப்படியா தெரியுது? தொட்டில்ல கிடக்குற பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு."

"நேத்து மன்றத்துல நீங்க பேசினது வலை இழுத்தது. அது ஊர் வேலை, சேர்ந்துதான் செய்யணும். இன்னைக்கு இங்க நடக்கிறது பங்கு. வளர்ந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு. ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் தின்னா இந்தத் துரைங்க அதைக் கணக்குல வெக்க மாட்டாங்க."

வகூனா பெட்டியைப் பார்த்தார், தொங்கும் பென்சிலைப் பார்த்தார். "அந்தப் பாய் மறைப்பு எதுக்கு?"

"தன் பங்கைச் சுட்டுத் தின்பானா, பச்சையாத் தின்பானான்னு அடுத்தவன் சட்டியை எட்டிப் பாக்கலாமா?"

"பாக்கக் கூடாது. ஆனா லோசா பாப்பா."

"அதுக்குத்தான் மறைப்பு."

கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெளியே போய்ச் சங்கை எடுத்து ஊதினார். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் ஈரக் கையோடும் தேங்காய்ப்பூ ஒட்டிய விரல்களோடும் ஊர் வந்து நின்றது. லோசா மறைப்புக்குள் போய்விட்டு வெளியே வந்து, "நான் போட்டது என்னன்னா" என்று ஆரம்பித்தாள். அலியேத்தா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "பாரு, தன் வாயை மூடினது போதாதுன்னு என் வாயையும் மூடுறா!" என்று விரலிடுக்கில் லோசா கத்தினாள். தொப்பிக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை கப்பல் கிளம்புமுன் வகூனா அவளை மன்றத்துக்குக் கூட்டிப் போனார். ஜனம் இன்னும் கலையவில்லை.

"காலைல நீ சும்மா நின்னிருந்தா?"

"நின்னிருக்கலாம்."

"உன் வீடு பொழைச்சிருக்கும்."

அவள் கடலைப் பார்த்தாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். கிழவர் ஜனத்தின் பக்கம் திரும்பினார்.

"இவ புருஷன் இங்க வந்தப்ப நாம ஓரத்துல உட்கார வெச்சோம். இந்தப் பொண்ணு இன்னைக்கு நம்ம பங்கை நமக்குக் குடுத்துட்டு, தன் பங்கைக் கடல்ல போட்டுட்டா. அவன் எனக்குப் பக்கத்துத் தூணடியில உட்காரட்டும். எனக்குப் புள்ளை இல்ல, அந்த இடம் சும்மாத்தான் கிடக்கு. என்ன சொல்றீங்க? இதுக்கு மறைப்பு வேணுமா?"

"வேண்டாம்!" என்றது மன்றம். ஒரே குரல்.

லோசாதான் தன் வீட்டிலிருந்து புதுத் தாழம்பாய் ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் தூணடியில் விரித்தாள். "நல்ல பாய். அவனுக்காக இல்ல, எங்க பெரியப்பாவுக்காக" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

தாராவாவுக்குத் திரும்பி இதையெல்லாம் பரானிகோவிடம் சொன்னபோது அவன் இழைப்புளியை நிறுத்தவில்லை. சுருள் சுருளாகச் சிராய் விழுந்தது. சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் கேட்டான்.

"பாய் என்ன மாதிரி?"

"ஓரத்துல கறுப்புச் சாயம். நெருக்கமான பின்னல்."

"ம்" என்றான். ஆனால் அண்ணன் வரும்வரை அவனால் அந்தப் பாயில் போய் உட்கார முடியாது.

தெற்கு ஜனம் பிரிவதென்று பெரும்பான்மையாக முடிவு செய்தது. அடுத்த வருஷக் கடைசியில், அந்தச் செவ்வாய்க்கிழமை, கப்பல் ஏறினார்கள்.

பிரிந்த தீவுகளின் தலைநகரான புனாபூத்தியில் வானொலி என்று பெயர் சொல்ல ஒரு கொட்டகைதான் இருந்தது. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் சேதி கேட்காது. நிறுத்திவிட்டு மறுபடி வாசிப்பாள். எது இல்லையோ அதை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். நாற்காலி பாதிரியார் வீட்டிலிருந்து. மேஜை ஒரு மாலுமியிடமிருந்து. அலியேத்தா ஒவ்வொன்றையும் தொடும்போது கொடுத்தவரை நினைத்துக்கொள்வாள். இல்லாதவர்கள் கூடிக் கட்டுகிற நாட்டில் நன்றி சொல்ல ஆரம்பித்தால் வேலை ஓடாது, ஆனாலும் சொன்னாள்.

வடக்கிலிருந்து ஏதாவது கப்பல் வந்தால் ஒரு பாகுப் புட்டி வரும். கூடவே வாய்ச் சேதி: "அண்ணன் இன்னும் வரல." ஒரு வருஷம் புட்டி வரவில்லை. கப்பலே வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். வேறு காரணம் என்று சிலர் சொன்னார்கள். அலியேத்தா பழைய புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், எறியவில்லை.

மோத்தாலோவுக்குப் போகும்போதெல்லாம் தூணடியைப் பார்ப்பாள். பாய் இருக்கும். ஒருமுறை ஒரு நாய் அதில் படுத்திருந்ததற்கு வகூனா அதன் சொந்தக்காரனை மன்றத்தில் மன்னிப்புக் கேட்க வைத்தார். பாய் நைந்துபோனால் லோசா புதிது பின்னிப் போடுவாள்.

"எத்தனை பாய்தான் பின்னுறது இவனுக்கு? இங்க உட்கார்ந்து பேசுற ஆம்பளைங்க பாயைவிட வராதவன் பாய் சீக்கிரம் நையுது!"

"நீதான் தினமும் உதறுறியாம், அக்கா. அதான் நையுது."

"உதறாம? தூசி படிஞ்சா வர்றவன் என்ன நினைப்பான்?"

1978 அக்டோபரில் விடுதலைக் கொடி ஏறியது. எல்லிஸ் தீவுகள் இப்போது துவாலு. பிரிட்டிஷ்காரன் கொடி இறங்கி, வானநீலத்தில் நட்சத்திரங்கள் போட்ட துவாலு கொடி. அலியேத்தா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஜனங்களுக்கு அதைச் சொன்னாள். என்னென்னவோ எழுதி வைத்திருந்தாள், ஒன்றும் வாயில் வரவில்லை. "மேல போயிடுச்சு. நல்லா இருக்கு. காத்து அடிக்குது" என்றாள். அப்புறம் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பாட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள். அன்றைக்கு மோத்தாலோவில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அதைவிட நல்ல வர்ணனை இல்லை என்றே இன்றும் சொல்கிறார்கள். அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: என்னைப் போகச் சொன்ன மனுஷன் இதைப் பார்க்கவில்லையே.

அடுத்த வருஷம் ஜூலையில் வடக்கேயும் கொடி ஏறியது. கில்பர்ட் தீவுகள் கிரிபாத்தி ஆயின. அலியேத்தாவே அந்தச் செய்தியை வாசித்தாள், மொழிபெயர்த்து, நிதானமாக, மகிழ்ச்சியோடு.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், செய்தி முடிந்ததும், தந்தி வேலை பார்க்கும் ஆள் வழக்கம்போல ஜனங்களின் சேதிகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். முன்கூட்டிப் படித்துப் பார்க்க நேரமில்லை. ஒரு சாவு. ஒரு கல்யாணம். நாலு மூட்டை சிமெண்ட். பிறகு ஒன்று. முதல் வரியில் கண் பட்டதும் குரல் ஒரு நொடி நின்றது. தெற்கே எல்லாத் தீவுகளிலும் ஜனம் காத்திருந்தது. மோத்தாலோவிலும். அவள் மூச்சை இழுத்துவிட்டு, இன்னாருக்கு இன்னார் சொல்வது என்று எந்தச் சேதியையும் வாசிப்பது போலவே வாசித்தாள்:

"மோத்தாலோ வகூனா பெரியவருக்கு, தாராவாவிலிருந்து பரானிகோ சொல்வது. எங்கள் கொடியும் ஏறிவிட்டது. அண்ணன் கரை சேர்ந்து எங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கப்பலில் வருகிறேன். பாயை உதறிப் போடச் சொல்லுங்கள்."